எடை குறைந்த பின் தொங்கும் தோல்: அறுவை சிகிச்சை பற்றி டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாற்பது, ஐம்பது கிலோ எடையைக் குறைத்தவர்களுக்கு அதற்கப்புறம் வரும் ஒரு தொல்லையை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும், மூட்டுவலி போயிருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் விழுந்து கிடக்கும். மேற்கை, மார்பு, தொடையின் உள்பக்கம் எல்லாம் தளர்ந்து தொங்கும். பல வருடம் இழுபட்ட தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள் சிதைந்து போயிருப்பதால், உள்ளே இருந்த கொழுப்பு கரைந்தாலும் தோல் பழையபடி சுருங்காது. வயது, எத்தனை வருடம் பருமனாக இருந்தோம், எத்தனை கிலோ இறங்கியது, பிரசவங்கள், புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து அளவு கூடும், குறையும். கிரீம், எண்ணெய்த் தேய்ப்பு, பெல்ட் எதுவும் இவ்வளவு தொங்கலைச் சரிசெய்யாது. உடற்பயிற்சி தசையை வளர்க்கும். மேலே இருக்கும் உபரித் தோலைக் குறைக்காது.

நம் ஊர் புழுக்கத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினையாக நிற்பதில்லை. என் அக்கா மன்னார்குடிப் பக்கம் வயலைத் தானே நின்று பார்ப்பவர். எடை இறங்கிய பிறகு பழைய வேட்டியைக் கிழித்து வயிற்று மடிப்புக்குள் வைத்துக்கொண்டுதான் காலையில் கிளம்புவார். மதியம் அந்தத் துணியை எடுத்தால் பிழியலாம். மடிப்பின் அடியில் தோல் சிவந்து, கோடு கோடாக வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகப் படை பூத்திருக்கும். பவுடர் போட்டால் வியர்வையோடு சேர்ந்து கட்டிதட்டி இன்னும் உராயும். இப்படி அவதிப்படுகிற ஒருவர் டாக்டரிடம் போக வெட்கப்படுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. “உடம்பு இளைச்சதே போதாதா, இன்னும் என்ன மினுக்கு” என்று பேசுகிறவர்களுக்கு அந்தத் துணியைக் காட்டினால் போதும்.

அக்காவோடு துணைக்கு இருந்து தெரிந்துகொண்டதையும், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

முதலில், நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

எடை இறங்கி நின்று, குறைந்தது ஆறு மாதமாவது ஒரே அளவில் இருக்க வேண்டும். பேரியாட்ரிக் அறுவை (எடை குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை) செய்தவர்களென்றால் அதிலிருந்து 12 முதல் 18 மாதம் கழிய வேண்டும். அவசரப்பட்டு முன்பே செய்தால், எடை இன்னும் இறங்கும்போது தோல் மறுபடி தொங்கும்; செலவும் வலியும் வீண். எடை கூடினாலும் இதே கதைதான்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30-க்கு மேல் போகப் போகத் தையல் பிரிவது, சீழ் வைப்பது எல்லாம் கூடும். அதனால் சில டாக்டர்கள், “இன்னும் ஐந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள். கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்கிறவர் நல்ல டாக்டர் என்பது என் எண்ணம்.

இன்னும் குழந்தை பெற நினைக்கும் பெண்கள் வயிற்று அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லது. பிறகு கர்ப்பமானால் ஆபத்து என்று இல்லை. இழுத்துத் தைத்த தசையும் தோலும் திரும்பத் தளர்ந்துவிடும், அவ்வளவுதான்.

எந்த இடத்தை முதலில் செய்வது

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கண்ணாடியில் எது அசிங்கமாகத் தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். எது உங்கள் அன்றாட வேலையை மறிக்கிறது என்று பாருங்கள். குனிய முடியவில்லையா, நடக்கும்போது தொடை உரசிப் புண்ணாகிறதா, மடிப்பில் படை மாறி மாறி வருகிறதா? அதற்குத்தான் முதல் இடம். பெரும்பாலானவர்களுக்கு அது வயிறாகவே இருக்கும்.

வயிற்றுக்கு இரண்டு விதமான அறுவை உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பது பானிகுலெக்டமி. இதில் தசையைத் தொடுவதில்லை, மேல்வயிறு அப்படியேதான் இருக்கும். நோக்கம் புண், படை, பாரம் ஆகியவற்றை நீக்குவது. 1899-லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி என்ற டாக்டர் இந்த மாதிரி தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்திருக்கிறார், ஆக இது புதிய யோசனையும் இல்லை. அடுத்தது அப்டாமினோபிளாஸ்டி, ‘டம்மி டக்’ என்று எல்லோரும் சொல்வது. இதில் தோலை எடுப்பதோடு, நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைப்பார்கள், தொப்புளையும் புதிய இடத்தில் திறந்து வைப்பார்கள். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் தழும்பு ஓடும்.

நிறைய எடை இறங்கியவர்களுக்குத் தோல் மேலிருந்து கீழாக மட்டும் தொங்காது, குறுக்கிலும் உபரி இருக்கும். அப்போது நெஞ்செலும்புக்குக் கீழிருந்து நேராக ஒரு வெட்டும் சேர்த்துப் போடுவார்கள். இடுப்பு நன்றாக ஒடுங்கும், ஆனால் வயிற்றின் நடுவில் நீளத் தழும்பு விழும். வயிறு, இடுப்பு, பிட்டம் எல்லாம் சேர்ந்து தொங்கினால் உடம்பைச் சுற்றி வளையமாக வெட்டித் தூக்கும் அறுவை இருக்கிறது. ஐந்து, ஆறு மணி நேரத்துக்கும் மேல் போகலாம். நடுவில் உடம்பைப் புரட்டிப் போடுவார்கள். பெரிய அறுவைதான், முழு வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

வயிற்றில் ஹெர்னியா (குடலிறக்கம்) இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். தொங்கும் மடிப்புக்குள் அது மறைந்திருக்கும். தெரியாமல் வெட்டினால் குடல் மாட்டும் ஆபத்து உண்டு. தெரிந்தால் பல சமயம் ஒரே அறுவையில் இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

மேற்கைக்குச் செய்யும் பிராக்கியோபிளாஸ்டியில் அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு விழும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை போடுகிறவர்களுக்கு அது மறையும். பெண்களுக்கு மார்பைத் தூக்கித் தைப்பது, ஆண்களுக்கு மார்பில் தொங்கும் தோலையும் சதையையும் எடுப்பது தனித்தனி அறுவைகள். பல ஆண்கள் இதை வெளியில் சொல்லாமல் சட்டைக்குள் பனியனை இறுக்கிப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது. தொடைக்கான அறுவையில் தையல் அரையிடுக்கில் வருவதால் ஈரமும் உராய்வும் அதிகம், ஆறுவதற்கும் மற்ற இடங்களைவிட நாளாகும். லைபோசக்ஷன் கொழுப்பை உறிஞ்சுமே தவிர தோலை எடுக்காது. “வெட்டே இல்லாமல் ஊசியிலேயே சரிசெய்கிறோம்” என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.

தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறோம். அந்தத் தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். இதற்கு மனம் ஒப்பினால் மேற்கொண்டு போங்கள், ஒப்பாவிட்டால் கொஞ்ச காலம் பொறுத்து யோசியுங்கள்.

டாக்டரைத் தேடுவது

இதைச் செய்ய வேண்டியவர் பிளாஸ்டிக் சர்ஜன். பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி (இப்போது டிஆர்என்பி) பட்டம் இருக்க வேண்டும். ‘காஸ்மெடிக்’ என்று போர்டு மாட்டியவர்கள் எல்லாம் இந்தப் படிப்புப் படித்தவர்கள் இல்லை. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் டாக்டரின் பெயரைத் தேடிப் பதிவைப் பார்க்கலாம். எடை குறைத்தவர்களுக்கு இந்த அறுவையைச் செய்த அனுபவம் உண்டா, மயக்க மருந்து டாக்டர் யார், ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, ஐசியூ அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவரிடம் உடம்பை ஒப்படைக்க வேண்டாம்.

அரசு வழியில் போக நினைப்பவர்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்ஜரி ஓபியில் காட்டி, பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரும் ஒரு வழி. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் பெரிய பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகள் உண்டு. தீக்காயம், விபத்து, கை முறிவு என்று அவசரக் கேஸ்கள் முன்னால் போகும், நம் முறை வரக் காத்திருக்க வேண்டும். படை, புண்ணுக்கு வைத்தியம் பார்த்த சீட்டுகளைக் கோப்பாக வைத்துக்கொண்டு போங்கள். தேவை எவ்வளவு என்பதை அவை பேசும்.

பணமும் காப்பீடும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்திருக்கும் பொது விலக்குகளில் எட்டாவது, அழகுக்கான பிளாஸ்டிக் அறுவைக்குப் பணம் கிடையாது என்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு விலக்கு இல்லை. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் அவசியம் என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று தந்தாலும் விலக்கு இல்லை. இந்தக் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் கேட்க முடியும். திரும்பத் திரும்ப வந்த படைக்குப் பார்த்த தோல் டாக்டரின் சீட்டுகள், மருந்துக் கடைப் பில்கள், மடிப்பின் அடியில் புண்ணிருக்கும் படங்கள் எல்லாம் தேதியோடு வேண்டும். அறுவைக்கு முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள், முடித்துவிட்டுப் பிறகு கேட்டால் இழுபறிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் கேஸுக்குச் செல்லுமா என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையிலேயே கேட்டுவிடுங்கள்.

கையிலிருந்து கட்டுகிறவர்கள் மொத்தத் தொகையைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், மயக்க மருந்து, அறை வாடகை, அறுவைக்குப் பின் உடம்பை இறுக்கிப் பிடிக்கப் போடும் கம்ப்ரஷன் உடை, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் ஆகும் செலவு, தையல் பிரிந்து மறுபடி தைக்க வேண்டி வந்தால் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் பெரிய எடை இறக்கத்துக்குப் பின் செய்யும் அறுவைகளில் சின்னச் சின்னத் தையல் பிரிவுகள் சகஜம்.

உடம்பைத் தயார் செய்வது

அறுவை நன்றாக ஆறுமா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடும். பேரியாட்ரிக் செய்தவர்களுக்கு ரத்தசோகையும் சத்துக்குறையும் சாதாரணம். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, அல்புமின் என்னும் ரத்தப் புரதம் எல்லாம் பார்த்து, குறைவைச் சரிசெய்த பிறகே தேதி வாங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 7-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

புரதம் நாளொன்றுக்கு 70 முதல் 100 கிராம் வரை தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். நம்முடைய சோறு, குழம்பு, ரசம், மோர் சாப்பாட்டில் இது வராது. மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, நூறு கிராம் மீனில் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 என்று கூட்டினால் 65-ஐத் தாண்டும். மீதி பருப்பிலும் சோற்றிலும் வந்துவிடும். பேரியாட்ரிக் அறுவையால் இரைப்பை சிறுத்தவர்கள் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வரட்டும்.

பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, பின்னும் நான்கு வாரம் தொடக் கூடாது. வெற்றிலை பாக்கோடு சேர்த்துப் போடும் புகையிலைக்கும் இதே விதிதான். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும். எங்கள் வட்டாரத்தில் பெரியம்மாக்கள், “நான் புகை பிடிக்கிறதே இல்லையே” என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள். இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், எதுவானாலும் பட்டியல் போட்டுக் காட்டுங்கள். இரைப்பை பைபாஸ் (பேரியாட்ரிக் அறுவையில் ஒரு வகை) செய்தவர்கள் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் எடுத்தால் குடலில் புண் வரும். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் அது தெரியாமல் எழுதிவிட வாய்ப்பு உண்டு, நீங்களே நினைவூட்டுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நேரம் நம் கையில் இருந்தால், தை கடைசியிலிருந்து மாசிப் பாதிக்குள் செய்வது டெல்டாவுக்கு ஒத்துவரும் என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காலம். நாகை, திருவாரூர் பக்கம் சாலையில் தண்ணீர் நின்றால் தையல் காட்டப் போக முடியாது. சித்திரை, வைகாசியில் கம்ப்ரஷன் உடையைப் போட்டுக்கொண்டு அக்கினி நட்சத்திரத்தைத் தாங்குவது கொடுமை. மாசிப் பாதிக்குள் செய்தால் சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். இறுக்க உடை போடும் ஆறு வாரமும் பங்குனிக்குள் அடங்கிவிடும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து குறுவை தொடங்கும்போது குனிந்து நிமிரத் தெம்பும் வந்திருக்கும்.

மருத்துவமனை தூரமாக இருந்தால், தையலுக்கு அடியில் ஊறும் நீரை வெளியே எடுக்க வைக்கும் டிரெய்ன் குழாய்கள் எடுக்கும்வரை அந்த ஊரிலேயே தங்க ஏற்பாடு செய்யுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். தையலோடு அதை வாரத்துக்கு இருமுறை பஸ்ஸில் கடப்பது முடியாத காரியம். ரயிலில் வந்தால் கீழ்ப் படுக்கைதான் எடுக்க வேண்டும். காரில் வந்தால் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்து, மணிக்கொருமுறை இறங்கி நாலு எட்டு நடக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் கட்டும்.

அறுவை நாள்

காலையில் உங்களை நிற்கவைத்து டாக்டர் தோல்மேல் பேனாவால் கோடு போடுவார். படுத்தால் தோல் நகர்ந்துவிடும் என்பதால் நின்றபடிதான் போடுவார்கள். அன்றைக்கு நீங்கள் வழக்கமாகக் கட்டும் உள்பாவாடையையோ, வேட்டியையோ கொண்டுபோய், நாடா எங்கே வரும் என்று காட்டுங்கள். தழும்பு அந்த நாடாவுக்கு நேராக விழுந்தால் வருடக்கணக்கில் உராயும். கொஞ்சம் கீழே இறக்கிப் போட முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

வயிற்று அறுவைக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள், காலுக்கு இறுக்கமான உறை மாட்டுவார்கள், அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று படுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அறுவைகளில் உயிருக்கு ஆபத்தானது காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவதுதான், அதற்கு நடைதான் முதல் மருந்து.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம், பத்து நாள் நிமிர்ந்து நிற்க முடியாது, கூனி நடப்பதே சரி. தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். கட்டிலில் தலைக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு வைத்து, வயிறு மடங்கியபடி படுங்கள். திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலி படுக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எழும்போது வயிற்றுத் தசை இழுக்கும். தூக்கிவிட ஆள் இல்லாதபோது உட்காராதீர்கள். குத்த வைத்து உட்காரும் கழிப்பறை மட்டும் உள்ள வீடுகளில் மேலே வைக்கும் கமோடு நாற்காலியை முன்பே வாங்கி வையுங்கள். தொடை அறுவை செய்தவர்களுக்கு இது கட்டாயம்.

டிரெய்ன் குழாய் பலரையும் பயமுறுத்தும். தையலுக்கு அடியிலிருந்து வரும் நீரை அது ஒரு சின்னக் குப்பியில் சேர்க்கும். தினமும் ஒரே நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குப்பியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுத வேண்டும். அக்கா வீட்டில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினோம். முதலில் செந்நிறமாக வந்தது, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். எடுத்த பிறகும் உள்ளே நீர் கட்டலாம். தளும்புவதுபோல் இருந்தால் அழுத்தி விடாமல் ஓபிக்குப் போங்கள், ஊசியால் உறிஞ்சிவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். “முட்டை, மீன் கொடுத்தா சீழ் கட்டும், கத்தரிக்காய் அரிக்கும், ரசம் சோறு போதும்” என்று பத்தியம் போடுவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் இந்த அறுவைக்குப் பின் புரதத்தைக் குறைத்தால் தையல் பிரிவதற்கு நாமே வழிசெய்தது போலாகிவிடும். டிஸ்சார்ஜ் நாளில் அத்தையையோ அம்மாவையோ டாக்டர் முன் உட்காரவைத்து, அவர் வாயாலேயே முட்டையும் மீனும் கொடுக்கச் சொல்ல வையுங்கள். அதேபோல் மஞ்சள், தேங்காயெண்ணெய், பற்று எதையும் தையல்மேல் வைக்க வேண்டாம். புண் முழுக்க மூடும்வரை ஆற்றிலோ குளத்திலோ இறங்கக் கூடாது.

ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எதையும் தூக்காதீர்கள். அறுவை செய்த இடத்தில் பல மாதம் உணர்ச்சி மரத்திருக்கும். அடுப்பு மேடையில் வயிறு சாய்ந்தபடி சமைக்கும் பெண்கள் கவனமாக இருக்க வேண்டும், சுட்டாலும் தெரியாது. வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள்.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் நீர், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று உப்புவது, தோலின் ஓரம் கறுப்பது, இவை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். விடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தழும்பும் அடுத்த சுற்றும்

தழும்பு முதல் சில மாதம் தடித்துக் கறுத்துப் பயமுறுத்தும். அடங்கி மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். புண் நன்றாக மூடிய பிறகு சிலிகான் ஜெல் அல்லது சிலிகான் தாள் ஒட்டுவது உதவும். நாடா வைத்த பாவாடைக்குப் பதில் அகல எலாஸ்டிக் வைத்ததைச் சில மாதம் கட்டலாம்.

வயிறு, கை, தொடை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நேரமும் ரத்த இழப்பும் கூடக்கூட ஆபத்தும் கூடும். அடுத்த அறுவைக்குக் குறைந்தது மூன்று மாத இடைவெளி விடுங்கள், ஹீமோகுளோபினையும் அல்புமினையும் திரும்பப் பாருங்கள். முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள் என்ற தாள் மூன்றையும் கேட்டு வாங்கி அதே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.